தெருவோர நாற்காலிக்கு மறுவாழ்வு: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது?

வீடு காலி செய்யும் நாளிலும், போகிக்கு முந்தின வாரத்திலும் தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் ஒரு நடை நடந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு வீட்டிலிருந்து முதலில் வெளியேற்றப்படுவது நாற்காலி தான். கட்டிலை யாரும் சுலபத்தில் தூக்கிப் போடுவதில்லை. பீரோவை விலை பேசி விற்பார்கள். நாற்காலிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. உட்காரும் இடத்தில் பிரம்பு அறுந்து ஓட்டை விழுந்துவிட்டால் அது முதலில் பால்கனிக்குப் போகும். பிறகு மொட்டை மாடிக்கு. அங்கே ரெண்டு மழையில் நனைந்ததும் தெருவுக்கு. போகி சமயமாக இருந்தால் நேராக நெருப்புக்கு! 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமானது பலருக்கு நினைவிருக்கலாம். அந்தப் புகையில் டயரும் பிளாஸ்டிக்கும் மட்டுமில்லை, சில நல்ல தேக்கு நாற்காலிகளும் கட்டாயம் இருந்திருக்கும்.

இப்படி வீசப்பட்ட நாற்காலியை எடுத்து வந்து சரி செய்வது பற்றி இணையத்தில் எக்கச்சக்கமான வீடியோக்கள் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்று தான். பழைய மரத்தின் மேல் வெள்ளையோ பச்சையோ பெயிண்ட் அடிக்கிறார்கள். ஓட்டையின் மேல் ஒரு பலகையை வைத்து, ஸ்பாஞ்ச் போட்டு, பூப்போட்ட துணியை ஸ்டேப்ளரால் அடித்துவிடுகிறார்கள். செலவு குறைவு, போட்டோவுக்கும் அழகு. ஆனால் ஆறு மாதத்தில் அந்த நாற்காலி மறுபடியும் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். ஏனென்றால் அதன் கோளாறு நிறத்தில் இல்லை, மூட்டில் இருந்தது. மூட்டை யாருமே பார்க்கவில்லை.

கையில் கொஞ்சம் பணம் மட்டுமே வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவரோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவரோ இந்த வேலையில் இறங்கினால் எதில் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்பது தான் கேள்வி. பதில் சின்னது. பொருளில் சிக்கனம் பிடிக்கலாம். சொந்த உழைப்பைத் தாராளமாகப் போடலாம். பிரம்பு பின்னுகிறவரின் கூலியில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பிரித்துப் பூட்டக்கூடிய நாற்காலி

தாலுகா ஆபீஸ், கோர்ட், பழைய கல்லூரி, ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் அறை என்று எங்கே போனாலும் ஒரு காலத்தில் ஒரே மாதிரி நாற்காலி தான் இருந்தது. தேக்குச் சட்டம், ரெண்டு கைப்பிடி, உட்காரும் இடத்திலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். பின்பக்கம் வெள்ளை பெயிண்டில் ஒரு நம்பர். அலுவலகம் கழித்துக் கட்டி ஏலம் விட்ட பிறகு இவை வீடுகளுக்கு வந்தன. வெயில் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆசனம் கிடையாது. மே மாதத்தில் ஸ்பாஞ்ச் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவரின் சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். பிரம்புப் பின்னல் முழுக்க ஓட்டைகள் என்பதால் காற்று அடியிலிருந்தும் வரும், முதுகிலிருந்தும் வரும்.

இதன் முக்கியமான குணம் அழகோ பழமையோ கிடையாது. இது பல துண்டுகளால் ஆனது என்பது தான். கால் வேறு, குறுக்குச் சட்டம் வேறு, கைப்பிடி வேறு, பின்னல் வேறு. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். இந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டு போனது வியன்னாவைச் சேர்ந்த மைக்கேல் தோனெட் 1859-ல் வெளியிட்ட 14-ம் எண் நாற்காலி. ஆவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்து திருகாணிகள், ரெண்டு நட்டுகள். அவ்வளவு தான் மொத்த நாற்காலியும். உட்காரும் இடத்தில் பிரம்பு. பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். பூட்டத் தெரிந்தவருக்குப் பழுது பார்க்கவும் தெரிந்துவிடும் இல்லையா?

இதற்கு நேர் எதிர் பிளாஸ்டிக் நாற்காலி. பிரான்சின் ஹென்றி மசோனே 1972-ல் கொண்டு வந்த மாடலுக்குப் பிறகு, ஒரே அச்சில் ஒரே மூச்சில் வார்த்தெடுக்கும் நாற்காலி உலகம் முழுக்கப் பரவியது. அதில் துண்டு என்று ஒன்றுமே இல்லை. ஒரு கால் விரிசல் விட்டால் முழு நாற்காலியும் போச்சு. காயலான் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். ஆனால் நாற்காலியாக அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் திட்டித் தீர்ப்பது தான் வழக்கம். அது நியாயமில்லை. தேக்கு நாற்காலி எல்லோருக்கும் கிடைத்த பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் முன்னால் யார் நாற்காலியில் உட்காரலாம் என்பதே ஜாதி தீர்மானித்த விஷயமாக இருந்த ஊர் இது. இருந்த என்று கூடச் சொல்ல முடியாது! கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது 2020-ல் தான். சில நூறு ரூபாய்க்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலி டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் குடிசை வாசலிலும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இடம் கொடுத்தது. அதை மறந்துவிட்டு 'அந்தக் காலத்துத் தேக்கு மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. பழைய நாற்காலியைக் காப்பாற்றுவதற்கான காரணம் பழம்பெருமையாக இருக்க வேண்டியதில்லை. அதைப் பழுது பார்க்க முடியும் என்பதே போதும்.

எடுப்பதற்கு முன்னால்

தெருவில் கிடப்பதெல்லாம் தேக்கு இல்லை. முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கனக்கும். பிறகு கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் தான் மரத்தின் உண்மையான ரேகை தெரியும். ஒட்டுப்பலகையா, அட்டை மாதிரி அழுத்திச் செய்ததா என்பதும் அங்கே தான் தெரியும். மழையில் ஊறி உப்பிய அழுத்துப்பலகையை என்ன செய்தாலும் மீட்க முடியாது. அதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பூச்சி. குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரி கொட்டும் தூளும் இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. கால் முனையில் மண் ஒட்டிய தடம் இருந்தால் கரையான். ஒரு பழைய திருகுளியால் அழுத்திப் பார்த்தால் எவ்வளவு தூரம் உளுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முனை 'சொத்' என்று உள்ளே போனால் வேண்டாம். மேலோட்டமாக நாலு ஓட்டை மட்டும் என்றால் மருந்தடித்துச் சமாளிக்கலாம்.

மூன்றாவது ஆள் தான் முக்கியமானவர்: மூட்டைப்பூச்சி. பிரம்பு நாற்காலி என்றாலே பழைய ஆட்களுக்கு அரசு அலுவலகமும் மூட்டைப்பூச்சியும் சேர்ந்து தான் ஞாபகம் வரும். பின்னலின் ஓட்டைகளும் சட்டத்தின் இடுக்குகளும் அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. எனவே எடுத்த நாற்காலியை நேராக அறைக்குள் கொண்டு போகவே கூடாது. ஹாஸ்டல் என்றால் ஒரு நாற்காலியால் ஒரு மாடியே அவதிப்படும். கிழிந்த பின்னல் எப்படியும் போகப் போவது தான். அதை வெளியிலேயே வெட்டி எடுத்து, இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, நிழலில் நன்றாகக் காய விட்டு, பிறகு உள்ளே எடுக்கலாம். அந்த வெட்டிய பின்னலைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பின்னுகிறவருக்கு மாதிரி காட்ட உதவும்.

காசில்லாமல் கையால் செய்யும் வேலை

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே பாதி நாற்காலி புதுசாகிவிடும். பல வருஷத்துக் கை அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் தான் 'கறுத்துப் போன மரம்' என்று தோன்றியிருக்கும். துடைத்த பிறகு ரெண்டு நாள் நிழலில் காய வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று உச்சி வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

அடுத்து மூட்டு. இந்த வகை நாற்காலிகளில் ஒரு கட்டையின் முனையை மெலிதாக்கி இன்னொரு கட்டையின் பொந்துக்குள் இறக்கியிருப்பார்கள். ஆணி அடித்திருக்க மாட்டார்கள். ஆடுகிற நாற்காலியில் அந்தப் பொந்துக்குள் இருக்கும் பழைய பசை செத்துப் போயிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக பெவிகால் வைத்து இறக்க வேண்டும். ஆசாரியிடம் இருக்கும் இறுக்கிக் கருவிகள் மாணவரிடம் இருக்காது. பரவாயில்லை. நாலு காலையும் சேர்த்து ஒரு கயிற்றால் ரெண்டு சுற்று சுற்றி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினால் போதும். கயிறு இறுக இறுக மூட்டு உட்காரும். சமதளத் தரையில் வைத்து நாலு காலும் ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும்.

அவசரத்தில் பலர் செய்வது மூட்டில் ஆணி அடிப்பது. அது ரெண்டு வாரம் தாங்கும். அதற்குள் ஆணி மரத்தைப் பிளந்து, அடுத்து வரும் ஆசாரி நினைத்தாலும் சரி செய்ய முடியாத நிலைக்குக் கொண்டு வந்துவிடும். பழுது பார்ப்பதில் ஒரு எளிய விதி உண்டு. இன்று செய்கிற வேலை நாளைக்கு இன்னொருவர் அதைப் பிரித்துச் செய்ய இடம் விட வேண்டும். ஆணி அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

தேய்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை

உப்புத்தாளை எடுத்து உடனே தேய்க்க ஆரம்பித்துவிடக் கூடாது. மேலே இருப்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். மறைவான ஒரு இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தால், பழைய பாலிஷ் அரக்கினால் ஆனதாக இருந்தால் இளகிப் பஞ்சில் பழுப்பாக ஒட்டும். அப்படியானால் அதிர்ஷ்டம். ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம், தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

எனாமல் பெயிண்ட் அடித்த பழைய நாற்காலி என்றால் கதை வேறு. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-ல். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயிண்ட் எதிலும் ஈயம் தாராளமாக இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்பது சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம். எனவே தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் தான் பயன்படுத்த வேண்டும். முகத்துக்கு நல்ல மாஸ்க் வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் செய்யவே கூடாது. சுரண்டிய குழம்பைக் காகிதத்தில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், எரிக்கக் கூடாது. போகி நெருப்பில் பெயிண்ட் அடித்த மரத்தைப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தால் நல்லது.

இதையெல்லாம் தாண்டி வெறும் மரம் கண்ணுக்குத் தெரிந்ததும் தான் உப்புத்தாளின் வேலை. 80-ம் நம்பர் முரடு, 120 நடுத்தரம், 220 மென்மை. நம்பர் கூடக் கூட வழவழப்பு கூடும். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும். சின்னப் பள்ளங்களுக்கு, தேய்த்து வந்த மரத்தூளையே பெவிகாலில் குழைத்து அடைக்கலாம். ஆனால் அந்த இடம் பாலிஷை மரம் மாதிரி குடிக்காது, கொஞ்சம் வெளுத்துத் தெரியும். எனவே தேவையான இடத்தில் மட்டும் போதும். எல்லாக் காயத்தையும் மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பின்பக்கத்து வெள்ளை நம்பர் இன்னும் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். அது அந்த நாற்காலியின் சர்வீஸ் ரெக்கார்டு!

அரக்கு போதும்

பாலிஷ் என்று கடைக்குப் போனால் விலை உயர்ந்த டப்பாக்களைத் தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு நாற்காலிக்கு பிரெஞ்ச் பாலிஷ் போதும். பெயரில் தான் பிரெஞ்ச், சரக்கு உள்ளூர். பாண்டவர்களை எரிக்க துரியோதனன் கட்டிய மாளிகைக்குப் பெயர் கொடுத்த அதே அரக்கு தான். பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி உண்டாக்கும் பிசின் அது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் நிறைய விளைகிறது. ராஞ்சிக்கு அருகே இதற்கென்றே 1924-ல் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பழைய கிராமபோன் தட்டுகள் கூட இந்த அரக்கில் செய்தவை தான்.

அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊற வைத்து வடிகட்டினால் பாலிஷ் தயார். தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டையும் பிரெஞ்ச் பாலிஷையும் விற்கத் தனி விதிகள் உண்டு. குடித்துச் செத்தவர்கள் இருப்பதால் வந்த கட்டுப்பாடு அது. எனவே உரிமம் உள்ள கடையில் கலந்தே விற்கும் பாலிஷை வாங்குவது தான் சுலபம். பஞ்சைப் பழைய காட்டன் பனியன் துணியில் பொட்டலமாகக் கட்டி, பாலிஷில் தொட்டு, ரேகையோடு மெல்லிசாக ஓட்ட வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவதைவிட மெல்லிசாக ஆறேழு கோட்டிங் நல்லது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பாலிஷ் பால் பூத்தது போல் வெளுத்துவிடும்.

அரக்குக்கு ஒரு குறை உண்டு. சூடான டம்ளரை வைத்தால் வளையம் விழும். ஆனால் அதே இடத்தில் இன்னொரு கோட்டிங் ஓட்டினால் பழைய படலத்தோடு கலந்து சரியாகிவிடும். மற்ற பல பாலிஷ்கள் அப்படி இல்லை. ஒரு இடம் உரிந்தால் மொத்தமாகச் சுரண்ட வேண்டும்.

பின்னல் யாருடைய வேலை?

இதுவரைக்கும் ஆன செலவு சில நூறு ரூபாய் தான். பெரும்பாலும் உழைப்பு. இனி தான் விஷயமே இருக்கிறது.

உட்காரும் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தண்ணீரில் ஊற வைத்த பிரம்புப் பட்டையை அந்த ஓட்டைகள் வழியே இழுத்துத் தான் பின்ன வேண்டும். முதலில் முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை. அதன் மேல் இடமிருந்து வலமாக ஒன்று. மறுபடி முன்பின்னாக ஒன்று. நாலாவது வரிசையை முந்தையவற்றுக்குள் மேலும் கீழுமாக நுழைத்து வாங்க வேண்டும். பிறகு மூலைவாட்டில் ரெண்டு வரிசை. ஆக ஆறு நடை. கடைசியில் ஓட்டைகளை மறைக்க ஓரத்தில் ஒரு பட்டை. இழுப்பு கொஞ்சம் கூடினால் காயும்போது பட்டை அறும். கொஞ்சம் குறைந்தால் ஒரு மாதத்தில் தொட்டில் மாதிரி தொங்கும். அந்த அளவு விரலுக்குத் தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்பதால் தான் உலகின் பல நாடுகளில் பார்வையற்றோர் பள்ளிகளில் இதைத் தொழிலாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓட்டைகளை விரலால் எண்ணி, இழுப்பைக் கையால் உணர்ந்து, பார்வை உள்ளவரைவிட நேர்த்தியாகப் பின்னுகிறவர்கள் உண்டு. இந்தியாவிலும் பார்வையற்றோருக்கு ஏற்றவை என்று அரசு அடையாளம் கண்ட பணிகளில் நாற்காலி பின்னுவதும் ஒன்று. அலுவலகம் நிறையப் பிரம்பு நாற்காலிகள் இருந்த வரை அவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. பிறகு சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. யாரும் அந்த வேலையை ஒழிக்க வேண்டும் என்று உத்தரவு போடவில்லை. நாற்காலிகள் போயின, கூடவே வேலையும் போனது.

பார்வை உள்ளவர்கள் நடத்தும் தொழிலும் அப்படித் தான். பிரம்புக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கூவிப் போனவர்களை இன்று பார்ப்பது அபூர்வம். சீர்காழி - சிதம்பரம் சாலையில் கொள்ளிடம் அருகே இருக்கும் தைக்கால் போன்ற ஊர்களில் பிரம்பு வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் ஓட்டை ஓட்டையாகப் பட்டை இழுத்துப் பழைய நாற்காலிக்குப் பின்னல் போடுகிற கைகளை ஒவ்வொரு ஊரிலும் தேடித் தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய மரச்சாமான் கடையிலோ, பழைய கல்லூரி ஸ்டோர் ரூமிலோ, பார்வையற்றோருக்கான தொழிற்கூடங்களிலோ விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அங்கே போய் என்ன நடக்கிறது? 'ஆயிரம் ரூபாயா? இதுக்குப் புது பிளாஸ்டிக் சேரே வாங்கிடலாமே!' என்று பேரம் ஆரம்பமாகிறது. பாலிஷ் டப்பாவுக்கு எம்ஆர்பியில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாதவர், உப்புத்தாளுக்குக் கேட்ட விலையைக் கொடுத்தவர், ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்புக்கு மட்டும் பாதி விலை பேசுகிறார். 'சின்ன பட்ஜெட்' என்பதன் அர்த்தம் பல இடங்களில் இதுவாகத் தான் இருக்கிறது. குறைக்க முடிகிற ஒரே விலை எதிரில் இருக்கும் மனிதரின் விலை!

அந்த ஒப்பீடே தப்பு. கையில் 1,500 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்புத்தாள், பசை, பாலிஷ் எல்லாம் 400, 500-க்குள் அடக்கிவிடலாம். மீதி ஆயிரத்தைப் பின்னலுக்கு ஒதுக்கலாம். ஊரைப் பொறுத்து, நாற்காலியின் அளவைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும். கிடைக்கப்போவது தேக்கில் பிரம்பு பின்னிய நாற்காலி. அதைப் புதிதாகச் செய்யச் சொன்னால் இதைப் போலப் பல மடங்கு ஆகும். ஒப்பிட வேண்டியது அதோடு தான், பிளாஸ்டிக் சேரோடு இல்லை. பணம் போதவில்லையா? முதுகுப் பின்னலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடலாம், இந்த மாதம் உட்காரும் இடம் மட்டும். துண்டு துண்டாகச் சரி செய்ய முடிவது தானே இந்த நாற்காலியின் பலமே?

'நானே பின்னிக்கொண்டால் என்ன?' என்று கேட்கும் ஆர்வக்காரர்கள் இருப்பார்கள். தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆன்லைனில் கிடைக்கும் ரெடிமேட் பின்னல் விரிப்பை வாங்கி, ஓட்டைகளின் மேல் வைத்து ஆணி அடிப்பதற்குக் கற்றுக்கொள்வது என்று பெயரில்லை. அந்த விரிப்பு, சட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிய நாற்காலிகளுக்கானது. ஓட்டை உள்ள சட்டத்தில் அதை அடித்தால் ஓட்டைகள் பிளந்து, பிறகு எந்தக் கையாலும் பின்ன முடியாத சட்டமாகிவிடும். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் பின்னுகிறவரின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கும் சேர்த்துக் கூலி கொடுக்கலாம். எந்த வீடியோவிலும் கிடைக்காத இழுப்பின் அளவு அங்கே தான் கிடைக்கும்.

பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் பின்னலாமா என்பது இன்னொரு கேள்வி. விலை குறைவு, தண்ணீருக்குப் பயமில்லை, மூட்டைப்பூச்சிக்கும் அவ்வளவு பிடிக்காது. பணம் நிஜமாகவே இல்லையென்றால் அதில் தப்பில்லை. அதையும் ஒரு மனிதர் தான் கையால் பின்னுகிறார். அந்த ஓட்டைகள் கெடாமல் இருந்தால் பின்னால் பிரம்புக்கு மாறிக்கொள்ளலாம்.

பின்னி முடித்த நாற்காலியை வைத்துக்கொள்வதும் சுலபம். மேலே ஏறி நின்று பரணில் பொருள் எடுக்கக் கூடாது, முட்டி போடக் கூடாது. கொஞ்சம் தொய்ந்தால் அடிப்பக்கத்தில் ஈரத்துணியால் நனைத்து, யாரும் உட்காராமல் ஒரு இரவு காய விட்டால் மறுபடி இறுகிவிடும்.

இந்தத் தொழில் அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். கைவினைக் கண்காட்சியில் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் நிறையப் பேர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய நாற்காலியை ஆன்டிக் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு தொழில் உயிரோடு இருக்க வருத்தமோ போட்டோவோ போதாது. வேலை வர வேண்டும், வந்த வேலைக்கு முழுக் கூலி வர வேண்டும். ஒரு ஊரில் நூறு பேர் வருஷத்துக்கு ஒரு நாற்காலியைத் தெருவிலிருந்து எடுத்தால் ஒரு பின்னல்காரருக்கு மாதத்தில் எட்டு ஒன்பது நாள் வேலை உறுதி. அவருடைய மகனோ மகளோ 'இதைக் கற்றுக்கொள்ளலாமா' என்று யோசிக்கவாவது அது இடம் கொடுக்கும்.

வரும் போகிக்கு முன்னால் மொட்டை மாடியில் கிடக்கும் அந்த ஓட்டை விழுந்த நாற்காலியை ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்தால் போதும். மரம் கெட்டியாக இருக்கிறதா? ஓட்டைகள் பிளக்காமல் இருக்கின்றனவா? ரெண்டுக்கும் ஆம் என்றால் அதை எரிக்க வேண்டாம். அழுக்கைச் சொந்தக் கையால் துடைக்கலாம், மூட்டைச் சொந்தக் கையால் இறுக்கலாம். பின்னல் தெரிந்தவரைத் தேடிப் போய், கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வரலாம்.